அப்பாவை இருமச் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். பெகுவிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 64 வயது. இரைப்பையில் கட்டி இருப்பதால் ரங்கூனில் இன்னும் மூன்று வாரத்தில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். அப்பா முப்பது வருஷமாகச் சுருட்டு பிடிக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மயக்க மருந்து டாக்டர், "முதுகில் ஒரு சின்னக் குழாய் வைத்து, இரண்டு மூன்று நாளைக்கு மரத்துப்போகிற மருந்து கொடுப்போம்" என்றார். அக்கம்பக்கத்தில் எல்லோரும், முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், ஆயுசுக்கும் முதுகுவலிதான் என்று பயமுறுத்துகிறார்கள். அப்பாவோ, "நான் பூமிதித்தவன், இந்த வலி என்னை என்ன செய்யும்? குழாயெல்லாம் வேண்டாம்" என்கிறார். என் சித்தப்பாவுக்கு நாலு வருஷத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஆபரேஷன் நடந்தது. அந்தத் தழும்பு இன்னும் எரிகிறது என்கிறார். அப்பாவுக்கும் அப்படி ஆகுமோ என்று தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

— ஒரு மகள், பெகு

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அப்பா சாப்பிடும் அந்த மாத்திரையின் அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். வெறும் ஆஸ்பிரின் என்றால் முதுகில் குழாய் வைக்கப் பெரும்பாலும் தடையில்லை. க்ளோபிடோக்ரெல் என்று போட்டிருந்தால் விஷயம் வேறு. அதை ஐந்திலிருந்து ஏழு நாளைக்கு முன்பே நிறுத்தினால்தான் முதுகில் ஊசி குத்துவது பத்திரம். ஆனால் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். எந்த நாளில் நிறுத்துவது, பதிலுக்கு என்ன கொடுப்பது என்பதை இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். மூன்று வாரம் இருக்கிறது, அதற்கு நேரம் போதும். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அந்தப் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி அப்பா சொன்னதற்கு வருகிறேன். பூமிதித்தவர் என்று படித்ததும் மனசுக்குள் கும்பிட்டேன். அவருக்கு வலி தாங்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பூக்குழி சில அடி தூரம்தான், சில விநாடியில் அக்கரைக்குப் போய்விடலாம். வயிற்றின் மேல்பகுதியில் போடும் வெட்டு மூச்சோடு கட்டிப்போட்டது மாதிரி. நெஞ்செலும்பின் நுனியிலிருந்து தொப்புள் வரை கிழித்துத் தைத்த இடம் ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும். மனிதர் ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை மூச்சு விடுகிறார். வலித்தால் என்ன செய்வார்? வாயால் ஒன்றும் சொல்லாமல் மூச்சைச் சின்னதாக்கிக்கொள்வார். இருமலை அடக்குவார். ஆபரேஷன் முடிந்த முதல் நாள் ஆழ மூச்சு இழுக்கும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பது நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற விஷயம். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கும், சளி அங்கேயே தேங்கும். முப்பது வருஷம் சுருட்டுப் புகை போன நுரையீரலில் சளிக்குப் பஞ்சமிருக்காது. மூன்றாம் நாள் காய்ச்சல், நிமோனியா. மேல்வயிற்றிலும் நெஞ்சிலும் ஆபரேஷன் செய்தவர்களின் வலியை நாங்கள் விடாமல் துரத்துவது அதனால்தான். அவர்கள் இருமினால்தான் பிழைப்பார்கள், வலி குறைந்தால்தான் இருமுவார்கள்.

நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது நடந்த ஒன்றை இன்றும் மறக்கவில்லை. பித்தப்பையைத் திறந்து எடுத்த ஒரு பெரியவர், நம் தமிழர்தான், வயல்காட்டு மனிதர். காலையில் வார்டு சுற்றும்போது பர்மிய மொழியில் "நாலா?", வலிக்கிறதா என்று கேட்டேன். "மநாபூ, மநாபூ" என்று சிரித்தார். வலி இல்லை என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் மூச்சு வாங்குகிறது என்று கூப்பிட்டார்கள். போர்வையை விலக்கினேன். இரண்டு கையாலும் படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அத்தனை நேரமும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் ஐயா சொல்லவில்லை என்றேன். "உங்களுக்கு எத்தனை நோயாளி, நான் வேறு தொந்தரவு கொடுக்கணுமா, ஆனாடே" என்றார். அவர் பிழைத்தார், ஆனால் இன்னும் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அது என் தவறு. நான் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

ஆனாடே என்ற சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த மண்ணில் பிறந்த நமக்கும் அது ஊறிப்போய்விட்டது. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுகிற அந்த மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'நா' இருக்கிறது பாருங்கள், வலிக்கிறது என்பதற்கும் அதே 'நா'தான். அன்றிலிருந்து நான் "நாலா?" என்று கேட்டு நிறுத்துவதில்லை. ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சொல்லி, "ஒரு தடவை நன்றாக இருமுங்கள்" என்பேன். முகத்தைப் பார்ப்பேன். நீங்களும் அதையே செய்யுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லாதது பெரிய விஷயமில்லை. அடிவயிற்றிலிருந்து இரும முடிகிறதா, அதுதான் கணக்கு.

அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பர்மியர்கள் இரண்டு மருந்துக்கும் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். முழு மயக்கம் கொடுப்பது மேஸே, மறக்கும் மருந்து. ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்வது தோன்ஸே. பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, அந்தக் குடும்பம். அப்பாவுக்கு ஆபரேஷனின்போது மேஸே உண்டு, எதுவும் தெரியாமல் தூங்குவார். விழித்த பிறகுதான் தோன்ஸேயின் வேலை முக்கியம்.

நரம்பில் வலிச்செய்தி மின்சாரம் போல ஓடுகிறது. சோடியம் உள்ளே நுழைகிற நுண்ணிய வாசல்கள் திறந்தால்தான் அது ஓடும். தோன்ஸே அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புறப்படும் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. மருந்து ரத்தத்தில் கரைந்து போனதும் வாசல் மறுபடி திறக்கும், நரம்பு பழையபடி ஆகிவிடும். பல் டாக்டர் போடும் லிக்னோகெய்ன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளியும். நாங்கள் முதுகில் அதிகம் பயன்படுத்துவது 1957-இல் கண்டுபிடித்த பியூபிவகெய்ன். அது இன்னும் சில மணி நேரம் கூடுதலாக நிற்கும். ஆனால் அப்பாவின் வலி மூன்று நாள் இருக்கும் வலி. அதனால்தான் ஒரு தடவை குத்திவிட்டுப் போகாமல் குழாயை விட்டுவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடுகிறோம். இதற்கு எபிடூரல் என்று பெயர். ஸ்பெயின் ராணுவ டாக்டர் ஃபிடல் பகேஸ் 1921-லேயே இந்த வழியை எழுதிவைத்தார். நேற்று முளைத்த சோதனை இல்லை இது.

எப்படி வைப்பார்கள் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயம் பாதி போய்விடும். அவர் விழித்திருக்கும்போதே மேசை ஓரத்தில் உட்கார வைத்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகைப் பூனை மாதிரி வளைக்கச் சொல்வார்கள். முதலில் தோலில் ஒரு மரப்பு ஊசி, சிற்றெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். பிறகு அழுத்துவது மட்டும்தான் தெரியும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை இருக்கும் மட்டத்தில், முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே ஊசி போகும். தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு, அந்த உறைக்கு வெளியே இருக்கும் இடுக்குதான் நமக்கு வேண்டியது. அங்கே ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத, பூச்சரம் கட்டும் நூல் போன்ற குழாயை நுழைத்துவிட்டு ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். முதுகில் ஊசி எதுவும் தங்காது. இதை அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் ஊசி உள்ளே ஏறிவிடுமோ என்று நினைத்து ராத்திரி முழுக்க ஒருக்களித்தே கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கால் விளங்காமல் போகுமா? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனின் ராயல் மயக்கவியல் மருத்துவர் கல்லூரி நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2009-இல் வெளியிட்டது. ஆபரேஷன் வலிக்காக எபிடூரல் வைத்தவர்களில் நிரந்தரமான பாதிப்பு ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கும் 12,000 பேரில் ஒருவருக்கும் இடையில் இருந்தது. பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அக்கம்பக்கத்தார் பயப்படுகிற அளவு இல்லை. அந்த அபூர்வமான கேடு பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்துவது ஒன்று, சீழ் பிடிப்பது இன்னொன்று. முதலாவதற்குத்தான் அந்த மாத்திரை அட்டையை அவ்வளவு அவசரமாக எடுக்கச் சொன்னேன். குழாயை வெளியே எடுக்கும் நேரத்துக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் ஹெப்பரின் ஊசி போடுவார்கள். அந்த ஊசிக்கும் குழாய் எடுப்பதற்கும் நடுவே போதுமான இடைவெளி வேண்டும், நாள்தோறும் ஒரு தடவை போடுகிற வகை என்றால் 12 மணி நேரம். நர்ஸிடம் "கடைசி ஊசி எப்போது போட்டீர்கள்?" என்று நீங்கள் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

அப்பாவுக்குக் குழாய் நெஞ்சு மட்டத்தில் இருக்கும், மருந்தும் வலுக்குறைந்த கலவையாக இருக்கும். ஆகவே அவர் காலை அசைக்க முடிய வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, "அப்பா, முழங்காலை மடக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். நேற்று மடக்கியவர் இன்று மடக்கவில்லை, கால் கனக்கிறது, புதிதாக முதுகில் கடுமையாக வலிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நடுராத்திரியானாலும் டாக்டரை எழுப்புங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் எட்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிட்டால் கால் திரும்பும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. நேரம் போகப் போக அது கைநழுவும்.

ஆயுசுக்கும் முதுகுவலி என்பது முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் ஆன பெண்கள் பலர் சொல்வதுதான். ஊசி போட்ட இடம் சில நாள் கன்றிப்போய் வலிக்கும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் வரும் முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

வேறு சின்னத் தொல்லைகள் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கும், முதல் தடவை எழுந்து உட்காரும்போது தலை சுற்றும், அதனால் யாராவது பிடித்துக்கொள்ளாமல் இறக்காதீர்கள். சிறுநீர் தானாக வராமல் போகலாம், அதற்குக் குழாய் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். கலவையில் வலுவான வலி மருந்துகளான ஃபென்டனிலோ மார்ஃபினோ சேர்த்திருந்தால் மூக்கு அரிக்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஆனால் உதடு மரத்துப்போகிறது, நாக்கில் இரும்புச் சுவை அடிக்கிறது, காதில் ரீங்காரம் கேட்கிறது என்று அப்பா சொன்னால் அது மருந்து ரத்தத்தில் அளவு மீறியதன் அடையாளம். உடனே நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த மருந்து ஒருபோதும் கை நரம்பில் ஏறும் டிரிப்போடு சேரக்கூடாது. உங்கள் கண் எதிரே யாராவது குழாய் மாற்றினால், எது எங்கே போகிறது என்று பாருங்கள். கட்டிலருகே ராப்பகலாக உட்கார்ந்திருப்பது குடும்பத்தார்தான். நீங்கள் பார்ப்பதை நாங்கள் பல நேரம் பார்ப்பதில்லை.

எபிடூரல் எல்லோருக்கும் முழுதாக வேலை செய்யும் என்று நான் சொன்னால் பொய்யாகிவிடும். கணிசமான பேருக்கு ஒரு பக்கம் மட்டும் மரக்கும், அல்லது குழாய் நகர்ந்து நடுவில் நின்றுவிடும். நாங்கள் கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு, காறை எலும்பிலிருந்து கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே "குளிருதா, இங்கே குளிருதா?" என்று கேட்போம். மரத்த இடத்தில் குளிர் தெரியாது. தைத்த இடத்தில் ஐஸ் சில்லென்று இருந்தால் மருந்து அங்கே எட்டவில்லை. அப்போது அளவைக் கூட்டலாம், குழாயைக் கொஞ்சம் இழுக்கலாம், மாற்றியே வைக்கலாம். யாரும் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. அப்பாவுக்காக அங்கே நீங்கள் பேசுங்கள்.

இதனால் என்ன லாபம் என்றும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெரிய வயிற்று ஆபரேஷன் செய்த, உடம்பில் வேறு கோளாறும் உள்ள 915 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002-இல் வந்தது. எபிடூரல் வைத்தவர்கள் அதிகமாக உயிர் பிழைத்தார்கள் என்று அது காட்டவில்லை. ஆனால் மூச்சுச் செயலிழப்பு, வைக்காதவர்களில் 30 சதவீதம், வைத்தவர்களில் 23 சதவீதம். வலியும் குறைவு. உங்கள் அப்பா மாதிரி புகையடைந்த நுரையீரல் உள்ளவருக்கு அந்த வித்தியாசம் எனக்குப் போதும். என் சொந்த அப்பாவாக இருந்தால், மாத்திரை விஷயம் சரியானதும் வைக்கத்தான் சொல்வேன்.

இதய டாக்டர் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றுவிட்டால்? மனம் தளர வேண்டாம். வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே ஸ்கேன் பார்த்து மருந்து விடும் முறை இருக்கிறது, டாப் பிளாக் என்போம். நடு வெட்டுக்கு அதைவிட, வெட்டின் இரு பக்கமும் நேர்த்தசையின் உறைக்குள் குழாய் வைப்பது நல்லது. சர்ஜனே தைக்கும் நேரத்தில் வைத்துவிடலாம். இவை தோலையும் தசையையும் மரக்கச் செய்யும். உள்ளுறுப்பின் ஆழ்ந்த வலிக்கு எட்டாது. அதற்குப் பாராசிட்டமாலை வலி வந்த பிறகு கொடுக்காமல் மணி தவறாமல் கொடுக்க வேண்டும், மேலே தேவைக்கு மார்ஃபின். மார்ஃபின் மட்டுமே என்றால் தூக்கமும் குமட்டலும் அதிகம், குடல் அசைய நாளாகும். தோன்ஸே எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு மார்ஃபின் மிச்சம். மருந்தை விடும் பம்பு இல்லாத ஆஸ்பத்திரியில் நர்ஸ் சில மணிக்கு ஒரு தடவை கையால் போடுவார். அதுவும் சரியான வழிதான், வேளை தவறாமல் இருந்தால்.

சித்தப்பாவின் எரிச்சலை நினைத்து அப்பாவுக்குப் பயப்பட வேண்டாம், இரண்டும் வேறு. நெஞ்சைத் திறக்கும்போது விலா எலும்புகளை அகட்டிப் பிடிப்பார்கள். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் தழும்பு ஆறிய பிறகும் நரம்பு எரிந்துகொண்டே இருக்கும். நெஞ்சைத் திறந்தவர்களில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப் பேர் வரை இந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஆரம்ப நாட்களிலேயே நரம்பைச் சரியாக மரக்க வைத்தால் நீடிக்கும் வாய்ப்பு குறைகிறது. இன்று நெஞ்சு ஆபரேஷனுக்கு, முதுகெலும்பின் பக்கத்தில் ஒரு புறம் மட்டும் குழாய் வைக்கிற முறையை நான் அதிகம் விரும்புகிறேன். வலியை எபிடூரல் அளவுக்கே அடக்கும், ரத்த அழுத்தம் அவ்வளவு இறங்காது. அது சித்தப்பாவுக்குக் காலம் கடந்த பேச்சு. ஆனால் அவருக்கு இப்போதும் வழி இருக்கிறது. துணி உரசினாலே எரிகிறது, ஷாக் அடிப்பது போல் இருக்கிறது என்றால் அது நரம்பு வலி, சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை சின்ன அளவில் தொடங்கினால் பலருக்குக் குறைகிறது. ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார், அவரும் ஆனாடேக்காரர்தானே.

இந்த மூன்று வாரத்தில் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. சுருட்டை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். காலையும் மாலையும் அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கால் மெதுவாக ஆழ மூச்சு இழுத்து, மூன்று எண்ணும் வரை பிடித்து, வாயால் விடச் சொல்லுங்கள், பத்துத் தடவை. கடைசியில் தலையணையை வயிற்றில் அணைத்து இரண்டு இருமல். இப்போதே பழகிவிட்டால் ஆபரேஷன் மறுநாள் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது. ரங்கூனுக்குப் புறப்படும்போது அந்தத் தலையணையையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் வையுங்கள்.